மூன்று சுரம் கேட்ட பிறகு

ஸ, ப, மேல் ஸ. மூன்று சுரமும் கேட்டாயிற்று. இனி ஐம்பது எண்ண வேண்டும், ஐம்பதுக்குள் கம்ப்யூட்டர் பேசிவிடும், எட்டு வருஷமாக அப்படித்தான், ஒரு நாள் நாற்பத்தாறில், ஒரு நாள் நாற்பத்தொன்பதில், ஐம்பதைத் தொட்டதுண்டு, தாண்டியது கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்தச் சுரங்கள் நான் வைத்தவைதான். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஒரு பட்டியல் வரும், கெர்னல் என்கிற அடிப்படைப் புரோகிராமில் எதைக் கொண்டு எழட்டும் என்று கேட்டு ஐந்து விநாடி காத்திருக்கும், கண் உள்ளவர்கள் அதைத் திரையில் பார்த்துக்கொள்வார்கள், எனக்கு வந்ததும் தெரியாது போனதும் தெரியாது, அதனால் பட்டியல் வந்தால் மூன்று சுரம் ஊது என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸில் அப்படி எதையும் திறந்து எழுதிப் போடலாம், அதனால்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், அழவில்லை, சும்மா சொல்கிறேன், பெருமையாகத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு. தென்காசியில் பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், அங்கே கம்ப்யூட்டர் டீச்சர் சண்முகவடிவு, நான்தான் அது, அவளுக்கும் பார்வை கிடையாது, சர்வரைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். அந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த மௌனம் பிடிக்கவில்லை. இருபது. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது கால் பெருவிரலைப் பெட்டிமேல் வைத்திருக்கிறேன், உள்ளே டிஸ்க் ஓடினால் விரலில் தெரியும், ஓடிக்கொண்டுதான் இருந்தது, இப்போது ஓடுகிறதா, மேலே தகரத்தில் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருக்கிறது, அதன் அதிர்வா டிஸ்கின் அதிர்வா. இருபத்தொன்பது. பக்கத்து ஹாலில் இருபத்துநான்கு புது மெஷின் உட்கார்ந்திருக்கிறது, முந்தாநாள் சாயங்காலம் யாரோ புண்ணியவான்கள் கொடுத்தது, வந்த லாரியிலேயே பழசையெல்லாம் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். புதுசில் சவுண்டு சிப்பு புது மாதிரி, என் பழைய கெர்னலுக்கு அதைத் தெரியாது, இருபத்துநான்கும் எழுகிறது, ஒன்றுகூடப் பேசமாட்டேன் என்கிறது. பேசாத கம்ப்யூட்டரை எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள், சாப்பாட்டுத் தட்டு வைத்துக்கொள்ளலாம். ஆகவே கெர்னலைப் புதுசாக்க வேண்டும், அதை எழுப்புகிற இமேஜ் என்கிற பைலையும் புதுசாகக் கட்ட வேண்டும், ஹாலில் உள்ளவை எல்லாம் இந்த ஒரே சர்வரிலிருந்துதான் எழுகின்றன, இது பேசினால் அவை பேசும். நேற்றே செய்திருப்பேன், காற்றில் கம்பி அறுந்து நேற்று பூரா கரண்ட் இல்லை, இன்று காலை எட்டேகாலுக்குத்தான் வந்தது. இன்று காலாண்டுத் தேர்வு, வரலாறு, பிள்ளைகள் மெஷினில் எழுதுவதைப் பார்க்க அதிகாரி வருகிறார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஏன் இன்னும் பேசவில்லை. இன்னும் எட்டு இருக்கிறது.

ஐம்பது. ஐம்பத்தொன்று. வேகமாக எண்ணிவிட்டேன், பதற்றத்தில் எண்ணினால் அப்படித்தான், மறுபடி முப்பதிலிருந்து எண்ணலாம். பெருவிரலில் ஒன்றுமில்லை. காற்றாடி மட்டும் சுற்றுகிறது, டிஸ்க் ஓடவில்லை, நின்றுபோனவன் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது. கடைசி மூன்று வரி. வடிவு, கடைசி மூன்று வரியைக் கேட்டாயா. இமேஜ் கட்டும்போது மெஷின் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும், ஒன்றும் புரியாது, புரியவும் வேண்டாம், கடைசி மூன்று வரியைக் கேட்டால் போதும், கெட்டிருந்தால் அங்கேதான் சொல்லும். எட்டு வருஷத்தில் எத்தனை முறை கட்டியிருக்கிறேன், ஒரு முறைகூட அந்த மூன்று வரியைக் கேட்காமல் விட்டதில்லை. இன்று கேட்டேன். கேட்டேனா. அப்போது சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். ஆபீஸ் உதவியாளர், நான் இதே பள்ளியில் ஹாஸ்டல் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இருக்கிறார், வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார், அவர் செருமினால் சேதி பெரிசு என்று அர்த்தம். “வடிவம்மா, அதிகாரி கூட இன்னொருத்தரும் வாராவளாம். மாலை ஒண்ணு வாங்கவா, ரெண்டு வாங்கவா?” மாலை. என்னிடம் வந்து கேட்கிறார் மாலையை. “எங்கிட்ட ஏன் கேக்கிய அண்ணாச்சி, ஹெட் டீச்சர்ட்ட கேளுங்க.” “டீச்சரு ஒன்னையக் கேக்கச் சொன்னாவ. ஒன் நிகழ்ச்சிதான?” அப்போது என் இடது கை என்ன செய்தது. கன்ட்ரோல். கன்ட்ரோல் விசையை அழுத்தினால் மெஷின் வாயை மூடிக்கொள்ளும், யாராவது பேச வந்தால் விரல் தானாகப் போய் அதை அழுத்திவிடும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எங்களுக்கு இரண்டும் கேட்காது, பார்வை உள்ளவர்கள் ஒருவர் பேச வந்ததும் திரையிலிருந்து முகத்தைத் திருப்புவார்களாம், அது மாதிரி ஒரு மரியாதை. அண்ணாச்சிக்காக மெஷினை அடக்கினேன். ரெண்டே வாங்கிருங்க என்றேன். அவர் போனார். அதற்குள் மெஷின் அடுத்த கேள்விக்கு வந்திருந்தது, எழுப்பவா என்று கேட்டது, அது நான் எழுதி வைத்த கேள்வி, ஆமாம் என்று தட்டினேன். நடுவில் மூன்று வரி. மூன்றும் மாலைக்குப் போய்விட்டது. மூன்றாவது வரி கேட்டமாதிரி ஒரு ஞாபகம், அது போன மாதத்து ஞாபகம், ஆவணியில் கேட்டது, இன்றையது இல்லை. இமேஜைக் கட்டு, பட்டியலில் சேர், எழுப்பு என்று மூன்று வேலையையும் வரிசையாகச் செய்ய நான்தான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன், கட்டுவதில் கோளாறு வந்தால் நில் என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. கேட்பதற்குத்தான் நான் இருக்கிறேனே என்ற திமிர். எட்டு வருஷத்துத் திமிர், நன்றாகத்தான் இருந்தது இத்தனை நாளும்.

ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் இல்லை, பக்கத்து ஸ்கூல் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும், ஈர யூனிஃபார்ம் வாடை உள்ளே வருகிறது, ஒருத்தி முறுக்கை நொறுக்குகிறாள். இருபத்துநான்கு பேர், பரீட்சை அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியை ஞானசௌந்தரி டீச்சர் முன்னெச்சரிக்கையாக வரச் சொல்லியிருக்கிறார். “வடிவு, நான் ஒன்னைய நம்பாம இல்ல. ஆனா பத்தரை வரைக்கும்தான். பத்தரைக்கு மெஷின் பேசலைன்னா அந்தப் பிள்ளைகள உள்ள விட்டுருவேன், அவங்க எழுதிக் குடுத்துருவாங்க. டிபார்ட்மெண்ட்லருந்து ஆளு வரும்போது நம்ம பிள்ளைக சும்மா உக்காந்திருக்கக் கூடாது.” நியாயம்தான். பார்வையில்லாதவர்கள் தாங்களே டைப் செய்து பரீட்சை எழுத முடிகிறதா என்று பார்க்கத்தான் அதிகாரி பதினொரு மணிக்கு வருகிறார், முடிகிறது என்றால் மார்ச்சில் அரசுத் தேர்வையும் அப்படியே எழுத விடுவார்கள், முடியவில்லை என்றால் இன்னும் எத்தனை வருஷமோ, எழுதித் தர ஆள், சொல்லச் சொல்ல எழுத ஆள். முப்பிடாதி நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள், “டீச்சர், எனக்கு எழுத ஆள் வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். முட்டை மார்க்கு வாங்கிக்கிடுதேன்.” பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மாணவி பேசுகிற பேச்சா என்று அதட்டினேன். அதட்டியது வாய்தான். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதித் தந்தவள் ஒன்பதாம் வகுப்பு, பரீட்சை எழுதுகிறவரை விடக் கீழ் வகுப்பில்தான் ஆள் எடுக்க வேண்டும், அதுதான் விதி, சொந்தமாக எதையும் சேர்த்து எழுதிவிடக் கூடாதே. அவள் சேர்க்கவில்லை. குறைத்தாள். நான் ஒரு கேள்விக்குப் பதினொரு வாக்கியம் சொன்னேன், பேனாச் சத்தம் ஏழு வாக்கியத்துக்குத்தான் வந்தது. பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்குத் தெரியாதா. நான்கு வாக்கியத்துக்கு அது தாளைத் தொடவே இல்லை. “எழுதிட்டியாம்மா?” என்றேன். “எழுதிட்டேங்கா” என்றாள். பாவம், கை வலித்திருக்கும், அது தன் பரீட்சையை எழுதுகிற பிள்ளையா, மூன்று மணி நேரம் அடுத்தவள் பரீட்சையை எழுதுகிற பிள்ளை. சூப்பர்வைசர் செருப்புச் சத்தம் பக்கத்தில்தான் இருந்தது, கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை, உதவி செய்ய வந்தவளைக் குறை சொல்கிறாள் என்பார்களே. அந்த நான்கு வாக்கியத்தையும் இன்றைக்கும் சொல்லுவேன், வரிசை மாறாமல் சொல்லுவேன், கேட்பதற்கு யாருமில்லை. மணி என்ன. கைக்கடிகாரக் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தொட்டேன், பத்து அடிக்க மூன்று நிமிஷம்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் திரையில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னால் என்ன. ஒரே ஒரு தடவை. இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பார், போதும். ஆனால் திரை எங்கே இருக்கிறது. இந்தச் சர்வருக்குத் திரை கிடையாது. வேலைக்கு வந்த முதல் மாதமே மானிட்டரைக் கழற்றி, வருகைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆபீஸுக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே இருந்தால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுவார்கள், நானும் பழகிவிடுவேன், அதனால் கொடுத்தேன். சென்னையில் பயிற்சிக்குப் போனபோது ஒருவர் தலையைத் தடவிக்கொடுத்து, உனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை நல்லாயிருக்கும்மா என்றார், அவர் ஞாபகத்தில் கொடுத்தேன். எட்டு வருஷமாக ஒருவரையும் ஒரு வரி படித்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதில்லை, இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, உள்ளே தினமும் சொல்லிக்கொள்கிறேன். டீ வாசம் வருகிறது, பின்னாலேயே செருமல். “வடிவம்மா, டீ ஆறுது. என்ன இன்னைக்கு ஒம் பொட்டி பேச்சையே காணோம்?” “எந்திரிக்கி அண்ணாச்சி, எந்திரிக்கி.” “எந்திரிக்கியா? கீபோர்டுல லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்கி, அப்படித்தான் எந்திரிக்குமோ?” என் கை டம்ளரில் நின்றது. “என்ன சொன்னிய?” “மூலையில மூணு லைட்டு இருக்குல்லா, அதுல ரெண்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது.” கெர்னல் விழுந்துவிட்டால் அப்படி அடிக்கும், படித்திருக்கிறேன், எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை என்பதால் மறந்தும் போயிருந்தேன். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார், அது கேட்டதாகாது. எட்டு வருஷக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் அடுத்தது என் வாயிலிருந்து வந்தது, நானேதான் சொன்னேன், “அண்ணாச்சி, ஆபீஸ்ல இருக்க மானிட்டரக் கழட்டி எடுத்துட்டு வாரியளா?” அவர் போய்விட்டார். அவர் கேட்காமல் போனதுதான் எனக்கு முகத்தில் சுட்டது. முப்பிடாதிக்காக என்று சொல்லிக்கொண்டேன், பிள்ளைகளுக்காக என்றால் எதையும் விட்டுக்கொடுக்கலாம், டீயைக் குடித்தேன், சீனி போடவில்லையா அல்லது எனக்குத்தான் தெரியவில்லையா.

விளக்கு அடிக்கிறது என்றால் கெர்னல் எழுந்துவிட்டது. எழுந்த பிறகுதான் விழுந்திருக்கிறது. அப்படியானால் புதுக் கெர்னல் சரி, கட்டிக்கொடுத்த இமேஜ்தான் சரியில்லை. பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன், கெர்னல் வெளியூர் கிளம்புகிற ஆள், இமேஜ் அவனுக்கு வழிக்குக் கட்டித் தருகிற கட்டுச்சோறு, பெரிய டிஸ்க் என்கிற ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அதுதான் அவனுக்கு, பொட்டலம் பாதி இருந்தால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான். பாதி. பாதிதான் எழுதியிருக்கிறது, இடம் இல்லாமல். எழுப்புகிற சாமான்கள் இருக்கிற அந்தச் சின்னப் பகுதியில் பழைய கெர்னல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று, எதையும் தூக்கிப் போட மனசு வராது எனக்கு, இமேஜ் ஏழு வாக்கியத்தோடு நின்றுவிட்டது, எழுதிட்டேங்கா என்று சொல்லிவிட்டது, இல்லை, மெஷின் பொய் சொல்லாது, அது உள்ளதைச் சொல்லியிருக்கும், நான்தான் வாயைப் பொத்தினேன். பொத்தானை அழுத்திப் பிடித்தேன், காற்றாடி நின்றது, ஐந்து எண்ணி மறுபடி அழுத்தினேன். ஸ, ப, மேல் ஸ. பட்டியல் வந்துவிட்டது, அது பேசாது, ஆனால் அதன் வரிசை எனக்கு வீட்டுப் படிக்கட்டு மாதிரி. கீழ் அம்பு ஒன்று. என்டர். உள்பட்டியல், முதலில் புதுசு, அடுத்தது புதுசின் பழுதுநீக்கும் வழி, மூன்றாவது பழசு. கீழ் அம்பு இரண்டு. என்டர். ஒன்று, இரண்டு, பெருவிரலில் டிஸ்க் ஓடுகிறது, பதினேழு, பதினெட்டு, ஓடுகிறது, முப்பத்தைந்து, ஓடு, நாற்பத்தெட்டு. “வணக்கம். தயார்.” நான் எழுதி வைத்த சொல்தான், எத்தனை ஆயிரம் முறை கேட்டது. வாசலில் மூச்சிரைப்பு, மானிட்டரோடு அண்ணாச்சி. “எங்க வைக்க?” “அந்த ஸ்டூல்ல வச்சிருங்க அண்ணாச்சி. மாட்ட வேண்டாம்.” மாட்ட வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்ல.

இடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன், நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கிறது என்றது, சொன்னேன்ல. மூன்று பழைய கெர்னல்களை எடுத்துப் போட்டேன், இப்போது எழுந்து நிற்கிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், போங்கள், இத்தனை நாள் இருந்ததற்கு நன்றி. இமேஜைக் கட்டு என்றேன். வரி வரியாகச் சொல்லத் தொடங்கியது, வேகத்தைக்கூட ஏற்றவில்லை, முழுசாகக் கேட்டேன். நடுவில் கதவு, பவுடர் வாசம், ஞானசௌந்தரி டீச்சர். “வடிவு, பத்து இருவது. அந்தப் பிள்ளைகள வரிசையா நிக்கச் சொல்லட்டுமா? வினாத்தாள்...” என் இடது கை கிளம்பிவிட்டது, சுண்டுவிரல் கன்ட்ரோலின் மேல் போய் நின்றுவிட்டது, அழுத்தவில்லை. வலது கையைத் தூக்கி டீச்சருக்குக் காட்டினேன், உள்ளங்கை அவர் பக்கம், பேசாதீர்கள் என்று. தலைமையாசிரியைக்கு. என்னைவிட இருபது வயது பெரியவர், நான் பிள்ளையாக இருந்தபோது எனக்கு ஜுரத்தில் கஞ்சி ஊற்றியவர். அவர் நின்றார். வெளியே முறுக்குச் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது. இமேஜ் எழுதப்பட்டது. பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோளாறு எதுவும் இல்லை. மூன்று வரி, மூன்றையும் கேட்டேன், பொறுமையாக ஒரு தடவை பின்னால் போய் மூன்றையும் மறுபடி கேட்டேன். “மன்னிச்சுக்கோங்க டீச்சர். அஞ்சு நிமிஷம்.” எழுப்பவா என்றது. ஆமாம்.

ஸ, ப, மேல் ஸ. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார், அவர் கையும் எண்ணுகிறது என்று நினைத்தேன். நாற்பத்தேழில் பேசியது. புதுக் கெர்னல், புது இமேஜ், என் கட்டுச்சோறு. அதே இமேஜை ஹாலுக்கும் அனுப்பி அண்ணாச்சியை ஒவ்வொன்றாகப் பொத்தானைத் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன். நான் ஹால் நடுவில் நின்றேன். முதலில் காற்றாடிச் சத்தம், இருபத்துநான்கு காற்றாடி, சாரலை அமுக்கிவிட்டது. கதவோரத்தில் ஒன்று வணக்கம் என்றது. அடுத்து ஜன்னல் பக்கம் ஒன்று. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக, வணக்கம் தயார், வணக்கம் தயார், ஒருத்தருக்காகவும் காத்திருக்காமல், என் குரலில் இல்லை, மெஷின் குரலில், ஆனால் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த சொல். எண்ணினேன், இருபத்திரண்டு, இருபத்துமூன்று, கடைசி வரிசை ஓரத்தில் முப்பிடாதியின் மெஷின், வணக்கம், தயார். பத்து இருபத்தெட்டு. வராந்தாப் பிள்ளைகளுக்கு டீயும் வடையும் கொடுத்து அனுப்புங்கள் என்றேன், அவர்களுக்கும் பரீட்சை வரும், அவர்கள் கையை அவர்கள் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளட்டும். அண்ணாச்சி ஸ்டூலில் இருந்த மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார். “அப்ப இத என்னம்மா செய்ய?” “சர்வர்ல மாட்டி வைங்க அண்ணாச்சி. வாரவரு கண்ணு உள்ளவரு, காதால கேட்டு ஒண்ணும் புரியாது அவருக்கு. பாக்க ஏதாவது வேணும்லா.” அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் அவர் தோளில் தொங்கிய மாலைப் பையிலிருந்து ரோஜா வாசம் வந்தது.

பதினொன்றுக்கு அதிகாரி இன்னொருவரோடு வந்தபோது பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள், இருபத்துநான்கு கீபோர்டு. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார், எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியும், அந்த மௌனம் எனக்குப் பிடித்த மௌனம். பிறகு மெதுவாகப் படிவத்தை நீட்டியிருக்கிறார், தாள் சத்தம் கேட்டது. டீச்சர் என் காதருகே வந்தார். “வடிவு, இதுல தேர்வர் பேருக்குப் பக்கத்துல, எழுதித் தருபவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. வெறுமையா விடக் கூடாதாம். கோடு போட்டுரவா?” கோடு போடலாம், எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். “அந்தந்தப் பிள்ளை பேரையே போடுங்க டீச்சர்.” டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். பிறகு பேனா தாளில் இறங்கியது. நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன், ஒவ்வொரு பெயராக, இரண்டு கட்டத்திலும், முப்பிடாதி, முப்பிடாதி, நடுவில் எங்கும் நிற்காமல், இருபத்துநான்கும் முடிகிற வரைக்கும் கேட்டேன்.